கதவுப் பாட்டின் மூன்றாம் வரி

அந்த ஊரில் பாட்டுக் கேட்பதற்கென்று ஒரு மன்றம் இருந்தது. பாடுவதற்கு இல்லை, கேட்பதற்கு. கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை. கச்சேரிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடி, தான் கேட்டதையும், கேட்கும்போது தனக்குள் என்னவெல்லாம் ஆயிற்று என்பதையும் ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். நேரடி இசை அனுபவப் பகிர்வு மன்றம் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். முப்பத்திரண்டு வருடமாக நடக்கிறது. அத்தனை வருடத்தில் ஒருவர்கூட "பாட்டு சுமார்தான்" என்று சொன்னதில்லை. அப்படிச் சொல்லப் படிவத்தில் கட்டம் கிடையாது.

நம்முடைய தையற்காரருக்கும் இந்த மன்றத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் சட்டை தைக்கிற கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் சாயங்காலம் இறக்கும்வரை மிஷின் சத்தம்தான் அவருக்குத் தெரிந்த சங்கீதம். பாட்டுப் பைத்தியம் அவருடைய அக்காதான். பாடத் தெரியாது, ஆனால் ரேடியோ இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. கடையில் காஜா எடுப்பதும் பொத்தான் வைப்பதும் அவள் வேலையாகத்தான் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாடிப்படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அன்றிலிருந்து ஜன்னல் ஓரம்தான் அவளுக்குக் கடை. தம்பி சாயங்காலம் சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டால், காலைக்குள் காஜா எடுத்து வைத்துவிடுவாள்.

அந்தப் பாடகி வருகிறார் என்ற செய்தி ஒரு நாள் வந்தது. எழுபத்து மூன்று வயது. ஊர் ஊராகப் போய்ப் பாடுவது இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். அக்கா நாற்பது வருடமாக ரேடியோவில் கேட்டு வருகிற குரல். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் முடியாது.

"எனக்குப் படி இறங்க முடியாதுடா. நீ போயிட்டு வா" என்றாள். "போயிட்டு வந்து ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு. முக்கியமா அந்தக் கதவுப் பாட்டு. மூணாவது வரியில குரல் ஒரேயடியா மேல போகும். இந்த வயசுல அங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் கவனிச்சுட்டு வா. அது போதும் எனக்கு."

கதவுக்குப் பின்னால் நிற்கிற ஒருத்தி, திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பாட்டு அது. மூன்றாம் வரியில் கை தாழ்ப்பாளுக்குப் போகும், குரலும் கூடவே ஏறும் என்று அக்கா பலமுறை விளக்கியிருக்கிறாள். தையற்காரருக்கு அதில் தாழ்ப்பாள் எங்கே வருகிறது என்பதே பிடிபட்டதில்லை. ஆனால் தன் வாழ்நாளில் அக்கா அவரிடம் எதையும் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை. அதனால் கடையை ஒரு மணி நேரம் முன்னதாகவே சாத்திவிட்டுச் சீட்டு வாங்க ஓடினார். எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. மிச்சமிருந்தது மன்றத்துக்கு ஒதுக்கிய முதல் ஐந்து வரிசைகள் மட்டும்தான். அதில் உட்கார வேண்டுமானால் உறுப்பினராக வேண்டும். ஆனார்.

மன்றத்தின் செயலாளர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரையில்லாத காகிதத்தைக் கண்டால் அவருக்கு மனசே ஆறாது. தையற்காரரை உட்கார வைத்து ஒரு படிவத்தை நீட்டினார். மூன்று பிரதி.

"கச்சேரி புதன்கிழமை. உங்க அனுபவம் திங்கட்கிழமைக்குள்ள வந்துடணும்."

கச்சேரியே புதன்கிழமைதானே என்று தையற்காரர் கேட்டார்.

"அதனாலதான் திங்கள்னு சொல்றேன். நடுவுல ஒரு நாளாவது எங்களுக்குச் சரிபார்க்க வேணாமா?"

முன்பெல்லாம் கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தார்களாம். பெரிய குழப்பமாகிவிட்டதாம். ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு பேர், ஒரே பாட்டுக்கு ஒருவர் சோகம் என்றும் மற்றவர் சந்தோஷம் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு அம்மாள், கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால் மைக் சரிபார்த்தபோதே அழுதுவிட்டார். அதை எந்தப் பாட்டில் சேர்ப்பது என்று மூன்று கூட்டம் நடந்தது. அதற்குப் பிறகுதான் முன்னனுபவப் படிவம் வந்தது. வந்ததிலிருந்து மன்றத்தில் கருத்து வேறுபாடே கிடையாது என்று செயலாளர் பெருமையாகச் சொன்னார்.

படிநிலைகளையும் விளக்கினார். புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்போர். அதற்கு மேல் நெகிழ்வோர். அதற்கும் மேல் உருகுவோர். எல்லாவற்றுக்கும் மேல் கரைந்தோர். கரைந்தோர் இப்போதைக்கு ஒரே ஒருவர்தான், தலைவர். அவர் பதினொரு வருடமாக எந்தக் கச்சேரிக்கும் போவதில்லை. கரைந்துபோனவர் எப்படி நாற்காலியில் உட்கார முடியும் என்று செயலாளர் கேட்டார். தையற்காரருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எழுதத்தான் வரவில்லை. அவர் எழுதிப் பழகியதெல்லாம் தோள், மார்பு, கை நீளம். 'நெகிழ்ச்சியின் அளவு' என்று இருந்த கட்டத்தில் அங்குலக் கணக்கில் ஏதோ போட்டார். செயலாளர் அதை அடித்துவிட்டு, சதவீதத்தில் போடச் சொன்னார். கடைசியில் இரக்கப்பட்டு, போன வருடம் ஒருவர் எழுதிய புல்லாங்குழல் அனுபவத்தைப் பார்த்து எழுதக் கொடுத்தார். "குழல்னு இருக்கற இடத்துல குரல்னு மாத்திக்கோங்க. கதவுப் பாட்டு மூணாவது வரிக்குக் கண்ணீர் போட்டுடுங்க, இடது கண்ணு மட்டும். ரெண்டு கண்ணும் உருகுவோருக்குத்தான்."

தையற்காரர் திங்கட்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் முத்திரை விழுந்தது. இன்னும் கேட்காத பாட்டுக்கு அழுததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று உறுத்தியது. பரவாயில்லை, நேரில் போய் நன்றாகக் கேட்டு அக்காவிடம் சரியாகச் சொல்லிவிட்டால் போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

புதன்கிழமை சாயங்காலம் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனார். அவரே தைத்தது, பாக்கெட் கிழியாமல் இருக்க ரெட்டைத் துணி வைத்தது. அரங்கத்து வாசலில் நின்று அக்காவுக்குப் போன் போட்டு, வந்து சேர்ந்துவிட்டேன், உள்ளே போகப்போகிறேன் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே செயலாளர் கையைப் பிடித்து இழுத்து, ஓர் அட்டையும் அதில் செருகிய காகிதங்களும் ஒரு பேனாவும் கொடுத்து, ஐந்தாவது வரிசைக்குத் தள்ளிவிட்டார். போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் காகிதம் முன்னனுபவப் படிவத்தின் சரிபார்ப்புப் படிவம். அங்கீகரித்த அனுபவம் அங்கீகரித்த இடத்தில் நிகழ்ந்ததா என்று பாட்டுக்குப் பாட்டு குறிக்க வேண்டும். புல்லரிப்பு ஏற்பட்டதா; ஆம் எனில் வலது கையா, இடது கையா. மூச்சு நின்றதா; எத்தனை நொடி. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் நின்றதா, அவர் கையெழுத்து. தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார். முன்னால் இருந்த நான்கு வரிசையிலும் தலைகள் குனிந்தே இருந்தன. மேடையில் வெள்ளைப் புடவை ஒன்று வந்து உட்கார்ந்தது மாதிரி தெரிந்தது. அதற்குள் முதல் பாட்டு முடிந்து, அவருடைய ஏழு கட்டங்கள் காலியாக இருந்தன.

இரண்டாவது பாட்டில் முதல் பாட்டின் கட்டங்களை நிரப்பினார். மூன்றாவதில் இரண்டாவதை. இப்படியே ஒரு பாட்டு பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எல்லோரும் கை தட்டினார்கள். கதவுப் பாட்டு என்று பக்கத்து நாற்காலிக்காரர் அட்டையில் எழுதுவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். இதையாவது கேட்டுவிட வேண்டும் என்று பேனாவை மூடினார்.

அப்போது பார்த்துத்தான் பல் டாக்டர் வந்தார். அவர் மன்றத்தின் கண்ணீர்ப் பொறுப்பாளர். வாய்க்குள் அடித்துப் பார்க்கிற சின்ன டார்ச்சோடு, குனிந்தபடியே வரிசை வரிசையாக வந்து ஒவ்வொருவர் கண்ணிலும் வெளிச்சம் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தையற்காரரின் இடது கண் வறண்டு கிடந்தது.

"போட்டிருக்கீங்களே, இடது கண்ணுன்னு?" என்றார் காதோரமாக.

பாட்டை இன்னும் கேட்கவில்லை, கேட்டால் ஒருவேளை வரும் என்றார் தையற்காரர். கேட்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நேற்றே அங்கீகாரம் ஆகிவிட்டது, வராவிட்டால் தன் கணக்கு உதைக்கும் என்றார் டாக்டர். வாயைத் திறந்தால் ஒரே நிமிடத்தில் வரவைத்துவிடுவேன் என்றும் சொன்னார். இருவருமாகப் படிவத்தின் பின்பக்கம் இருந்த விதிகளைப் புரட்டினார்கள். அரங்கம் திடீரென்று நிசப்தமானது. பிறகு பின்வரிசைகள் முழுக்கச் சிரித்தன. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தையற்காரர் இன்னும் குனிந்துகொண்டார். கடைசியில் அந்த டார்ச்சையே கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுவந்து கூச வைத்து, ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு, டாக்டர் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். நிமிர்ந்தபோது அரங்கமே எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தது. கதவுப் பாட்டு முடிந்துவிட்டது. அந்தப் பாட்டு முழுக்க அவர் பார்த்தது ஒரு பல் டாக்டரின் வழுக்கையைத்தான்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ஓடவில்லை. தம்பியின் போன் சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. அதைச் செருகிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, எவ்வளவு நேரம் கழுவ முடியுமோ அவ்வளவு நேரம் கழுவிவிட்டு வந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. படிவத்தில் எழுதியதைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று பிரதி எழுதியதால் மனப்பாடமாகியிருந்தது. குரல் தென்றலாகத் தவழ்ந்தது என்றார். காலம் கைகட்டி நின்றது என்றார். அவருடைய விரல்கள் துளைகளை மூடித் திறந்தபோது தன் நெஞ்சும் மூடித் திறந்தது என்றார்.

"பாடறவங்களுக்கு ஏதுடா துளை?" என்றாள் அக்கா.

அது ஒரு பேச்சுக்குச் சொல்வது என்று மழுப்பினார். மூணாவது வரி என்ன ஆச்சு என்று கேட்டாள். இம்மியும் பிசகாமல் மேலே போனது, இருபது வயதுக் குரல் மாதிரி என்று சொன்னார்.

"அப்படியா" என்றாள்.

வியாழக்கிழமை மறுபடி கேட்டாள். அவரும் அதையே சொன்னார். வெள்ளிக்கிழமை, பாடகி நடுவில் ஏதாவது பேசினாரா என்று கேட்டாள். ஒன்றும் பேசவில்லை என்று அடித்துச் சொன்னார். சனிக்கிழமை காலை கடையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாக வைத்துத் தைத்தார். பிரித்தார். காலரைத் தலைகீழாக வைத்தார். அதையும் பிரித்தார். முப்பது வருடத்தில் அப்படி ஆனதில்லை. நடக்க முடியாத ஒருத்தி தன் காதைத் தம்பியிடம் கொடுத்து அனுப்பினாள், தம்பி அதைப் படிவத்துக்கு அடியில் வைத்துத் தொலைத்துவிட்டு வந்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொண்டு, அட்டையையும் பேனாவையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால்தான் அக்கா முகத்தைப் பார்க்க முடியும் என்று முடிவு செய்தார்.

கூட்டம் சரியாகப் பத்து மணிக்கு ஆரம்பித்தது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவராக எழுந்து பகிர்ந்தார்கள். கதவுப் பாட்டின் மூன்றாம் வரியில் குரல் ஒரு மயிரிழை நடுங்கவில்லை என்று முதல் ஆள் சொன்னார். இரண்டாமவருக்கும் நடுங்கவில்லை. பாடகி அப்போது கண்ணை இறுக மூடியிருந்தார் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். கண்ணைத் திறந்து தன்னையே பார்த்தார் என்று அவர் மனைவி சொன்னார். இரண்டுமே முத்திரை பெற்றவை என்பதால் செயலாளர் இரண்டையும் பதிவு செய்துகொண்டார். பதினாறு பேர் அழுத விவரத்தைப் பல் டாக்டர் கண் வாரியாக வாசித்தார். கூட்டம் தலையாட்டியது.

தையற்காரரின் முறை வந்தது. எழுந்தார்.

"நான் எதையும் கேக்கலைங்க" என்றார். "படிவம் எழுதிக்கிட்டே இருந்துட்டேன். அந்தம்மா என்ன பாடினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஒரு வரிகூடக் காதுல விழலை. அழுதது டார்ச்சு பட்டுத்தான். நான் போட்ட கையெழுத்தெல்லாம் பொய். என்னை மன்னிச்சுடுங்க."

பல் டாக்டர் தன் டார்ச்சைச் சட்டைப் பைக்குள் தள்ளினார். செயலாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; இதைப் போட அதில் கட்டமே இல்லை. மற்றவர்கள் குனிந்து தங்கள் காகிதங்களைப் பார்த்தார்கள். அந்த நொடியில் ஒருவராவது எழுந்து நானும்தான் என்று சொல்லியிருந்தால் மன்றம் அன்றோடு முடிந்திருக்கும். ஒருவர் எழுந்தார். தலைவர். கண்ணைத் திறந்து பார்த்தார். பதினொரு வருடத்தில் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள்.

"நண்பர்களே, நாம எல்லாரும் கேட்டோம். ஏன் கேட்டோம்? நம்மகிட்ட இன்னும் குறை இருக்கு, அதனால கேட்டோம். இவர் கேக்கலை. அஞ்சாவது வரிசையில, அந்தம்மாவுக்கு முன்னாடி, ரெண்டு மணி நேரம் உக்காந்து, ஒரு வரிகூடக் காதுல விழாம இருந்திருக்கார். இது லேசுப்பட்ட காரியமா? இந்த நிலைக்கு வர எனக்கு இருபத்தோரு வருஷம் ஆச்சு. நானே வீட்டுல இருந்துக்கிட்டுத்தான் கேக்காம இருக்கேன். இவர் அங்கேயே போய்க் கேக்காம இருந்திருக்கார். இவர் கரைஞ்சிட்டார்."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. பல வருடமாக உருகிக்கொண்டே இருந்தும் மேலே போக முடியாத இரண்டு பேர் மட்டும் மெதுவாகத் தட்டினார்கள். ஐயா, நான் ஏமாற்றிவிட்டேன் என்று தையற்காரர் மறுபடி சொல்லிப் பார்த்தார். கரைந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். கரைந்தோர் என்று பொறித்த ஒரு வில்லையைத் தையற்காரர் சட்டையில் குத்தினார்கள். இனி எந்தக் கச்சேரிக்கும் அவர் வரத் தேவையில்லை. இன்று அவர் பேசியதே அடுத்த வருடத்துக்கு மாதிரி அனுபவம். எல்லோரும் அதைப் பார்த்துத்தான், எதையும் கேட்கவில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று பிரதி.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் மாலை மரியாதை செய்து அனுப்பிவிட்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும். மூன்று மாடியும் ஏறி வருவதற்குள் அவருக்கு இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அக்கா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா, நான் கச்சேரி கேக்கலை. உன்கிட்ட சொன்னதெல்லாம் முன்னாடியே எழுதி வெச்சது. போன வருஷம் யாரோ வாசிச்ச புல்லாங்குழல் அது."

ஊசி நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"வாசல்ல நின்னு பேசினியே, போனை வைக்காமலே பாக்கெட்டுல போட்டுட்டே. நான் வைக்கலாம்னுதான் பார்த்தேன். அதுக்குள்ள கை தட்டினாங்க. அவங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சுது. எனக்கு வைக்கக் கை வரலைடா." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பாக்கெட்டுக்கு ரெட்டைத் துணி வெச்சுத் தெச்சிருக்கே. கொஞ்சம் அதுல போச்சு. உன் பேனா வேற கறக் கறக்குன்னு. அப்புறம் அந்த ஆளு, உன்னை அழு அழுன்னு உயிரை வாங்கிட்டார். ஆனாலும் கேட்டுச்சு."

தையற்காரருக்குக் காது மடல் சுட்டது. டார்ச்சு இல்லாமலே இரண்டு கண்ணும் நிறைந்தன. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீயே சொல்லுவேன்னு நாலு நாளா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவரால் தலையைத் தூக்க முடியவில்லை. அந்த மூணாவது வரி என்று மட்டும் இழுத்தார்.

"உடைஞ்சு போச்சு" என்றாள் அக்கா. "மேல போகப் பார்த்தாங்க, குரல் வரலை. நின்னுட்டாங்க. இந்தக் கதவு முன்ன மாதிரி திறக்க மாட்டேங்குது, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் கீழ இறக்கி, முதல்லேருந்து பாடினாங்க. அந்த மாதிரி நான் ரேடியோவுல கேட்டதே இல்லை." ஊசியில் நூலை மறுபடி கோத்தாள். "நீ சொன்ன கச்சேரியில யாருக்கும் தொண்டையே கட்டலை, பாத்தியா. அப்பவே உன்னை நாலு போடு போடணும்னு இருந்துச்சு."

போட்டிருக்கலாம் என்றார் தம்பி. நிஜமாகத்தான் சொன்னார்.

அக்கா சட்டையை மடித்து ஓரமாக வைத்தாள். தம்பியின் மார்பில் குத்தியிருந்த வில்லையை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நல்லா உக்காரு. நான் சொல்றேன்."

நகர்ந்து உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் கை பாக்கெட்டுக்குப் போய் மன்றத்துப் பேனாவை எடுத்தது. அக்கா அதையே பார்த்தாள். அவர் பேனாவை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வில்லையையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

"முதல்ல ஒரு இருமல்" என்று அக்கா ஆரம்பித்தாள்.